பீங்கான் காலத்துப் பட்டையும் மக்காச்சோளக் காலத்துப் பட்டையும்

பெரியப்பாவின் பிக்கப்புக்கு, திட்டக்குடிப் பக்கத்து எங்கள் மங்களூரில், பீங்கான் வண்டி என்றுதான் பெயர். ஜீப் முகமும், பின்னால் இரும்புத் தொட்டியும், பீஜோ டீசல் இன்ஜினுமாக 1980-களில் வந்த மகேந்திரா. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையிலிருந்து இறங்கிய பியூஸ் கேரியர், அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, டீக்கடைக் கோப்பை எல்லாம் வைக்கோல் திணித்த பெட்டிகளில் அதில்தான் ஏறும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே தோண்டி ஒதுக்குகிற மண்ணில் கிடைக்கும் வெள்ளைக் களிமண், அந்தச் சூளைகளுக்குப் பெரிய ஆதாரம். பெண்ணாடம், திட்டக்குடி கடந்து தொழுதூரில் வண்டி திருச்சி சாலையைப் பிடிக்கும். போய்ச் சேருமிடத்தில் பெட்டியைத் திறந்தால் வைக்கோலோடு சில்லும் சேர்ந்து கொட்டும்.

சாலையைத்தான் எல்லாரும் திட்டினார்கள். பெரியப்பா வண்டியின் சுமை தாங்கும் வில் பட்டையைத் திட்டினார். அவர் சொன்னது சரி. ஒரு டன் சுமைக்கென்று அடுக்கிய பட்டை செட், முழுச் சுமை ஏறினால்தான் வளைந்து கொடுக்கும். பீங்கான் பெட்டியோ இடத்தை அடைக்கும், எடை காட்டாது. தொட்டி நிரம்பியிருக்கும், பட்டைக்கு மட்டும் வண்டி காலி. போதாக்குறைக்கு ஒரு பட்டை இன்னொன்றின் மேல் உரசி இறுகிப்போயிருக்கும். சின்னக் குழியில் விழுகிற அடியை அந்த இறுக்கம் வாங்கிக்கொள்ளாது, அப்படியே மேலே அனுப்பும். கோப்பையின் காது முதலில் போகும்.

விருத்தாசலத்தில் பட்டை வேலை செய்கிற மேஸ்திரி ஒருவர் இருந்தார். நாங்கள் பள்ளிக்கூட விடுமுறையில் வண்டியோடு போனால் அவர் பட்டறையில்தான் பாதிப் பொழுது போகும். யூ போல்ட்டைக் கழற்றி, சென்டர் போல்ட்டை உருவினால், அதுவரை ஒரே உடம்பாக இருந்த செட் பட்டை பட்டையாகப் பிரியும். உரசிய இடம் கண்ணாடியாகப் பளபளக்கும், நடுவில் செம்மண்ணும் துருவும் கெட்டித்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, தளர்ந்துபோன பட்டையைச் சூடேற்றி வளைவு எழுப்பி, எண்ணெயில் துவைச்சல் போடுவார். சூடேறும்போது சரியான நிறம் வந்ததும் எடுக்கவேண்டும், தாண்டினால் எஃகு நொறுங்கும், முந்தினால் வளைவு நிற்காது. அவரிடம் வெப்பமானி கிடையாது. பட்டறைக்குள் வெயில் விழாதபடி சாக்குத் தொங்கவிட்டிருப்பார், நிறம் தெரிவதற்காக.

"பீங்கான் ஏத்துற வரைக்கும் ரெண்டாம் பட்டைய எடுத்து வச்சிடுங்க பெரியவரே. நெல் மூட்டைக்கு வரும்போது மாட்டித் தர்றேன்" என்பார். பெரியப்பா அதற்கு ஒப்புக்கொண்டதே இல்லை. பாதி வழியில் மூட்டை ஏற்றச்சொல்லி யாராவது கேட்பார்கள், மெயின் பட்டை முறிந்தால் சாலையில் நிற்கவேண்டும் என்கிற பயம். அதனால் கடினப் பட்டையோடே அந்த வண்டி தன் பீங்கான் காலம் முழுவதும் ஓடி முடித்தது.

இப்போது வண்டியை வைத்திருப்பது பெரியப்பா மகன். அண்ணனுக்கு அதை விற்க மனம் வரவில்லை. பின் ஆக்சில் ஷாஃப்ட் முறிந்தபோது பழைய வகை ஷாஃப்ட்டுக்கு அலைந்தார், கிடைத்தது எல்லாம் தேய்ந்தது. அந்தக் காலத்து அமைப்பில் ஷாஃப்ட்டின் கூம்பு முனையில் சாவிக்கட்டை வைத்து, டிரம்மை நட்டால் இறுக்கியிருப்பார்கள். சாவிக்கட்டை தேய்ந்தால் ஷாஃப்ட் சுற்றும், சக்கரம் நிற்கும். ஷாஃப்ட்டே முறிந்தால் சக்கரம் டிரம்மோடு கழன்று தனியாகப் போய்விடும். அதை நம்பி இனி ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தவர், உடைப்புக்கு வந்த ஒரு போலிரோவின் பின் ஹவுசிங்கை அப்படியே வாங்கிவந்தார். கூடவே பின்னாளைய பிக்கப் ஒன்றின் பாராபோலிக் பட்டை ஒரு ஜோடி.

வில்லிஸ் ஜீப்பிலிருந்து போலிரோ வரை ஒரு அளவு மட்டும் மாறவே இல்லை. சக்கரத்துக்கு 5 போல்ட், அவை உட்காரும் வட்டம் 5.5 அங்குலம். பழைய டிஸ்க் புதிய ஹப்பில் தடுமாறாமல் உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது. ஒத்துப்போனது அது ஒன்றுதான். பழைய பட்டை 1.75 அங்குல அகலம், புதியது அதைவிட அகலம். ஆகவே ஷேக்கிள், தொங்கு பிராக்கெட், புஷ் எல்லாம் மாறவேண்டும். ஹவுசிங்கில் பட்டை உட்காரும் சீட்டை வெட்டி வேறு இடத்தில் வெல்டு வைக்கவேண்டும்.

அந்த வெல்டிங்கில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. சீட்டை எந்தச் சாய்வில் வைக்கிறோமோ அந்தச் சாய்வில் பினியன் மூக்கு நிற்கும். அது கியர்பாக்ஸ் தண்டின் சாய்வோடு ஒத்துப்போகாவிட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து உதறும், கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும். அந்தக் கால மேஸ்திரி தூக்குக்குண்டும் நூலும் வைத்துப் பார்த்ததை இன்றைய பட்டறைப் பையன் செல்போனை ஹவுசிங்கின் மேல் வைத்து டிகிரி கணக்கில் பார்த்துச் சொன்னான். முதலில் புள்ளி வெல்டு, பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, மூட்டை ஏற்றி மறுபடி அளந்து, அதற்குப் பிறகே முழு வெல்டு. செல்போனைவிட அவன் மூட்டை ஏற்றி அளந்தது எனக்குப் பிடித்தது.

பல்விகிதத்தையும் பார்க்கவேண்டும். பழைய ஜீப் வகை ஆக்சிலில் சக்கரம் ஒருமுறை சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.38 முறை சுற்றும். அதற்குப் பதில் 4.88 உள்ள ஹவுசிங் வந்தால், கியர்பாக்ஸிலிருந்து கேபிள் எடுக்கும் ஸ்பீடாமீட்டர் 50 காட்டும்போது வண்டி உண்மையில் 55-ல் போகும். முதல் கியரில் சுமையோடு கிளம்பும் இழுவையும் குறையும். பிரேக் டிரம் அளவு மாறினால் முன்பின் பிடிமானம் மாறும். சாலையில் ஓடுகிற வண்டி என்றால் இதையெல்லாம் சரிபார்க்காமல் தொடவே கூடாது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கமாகவே படித்தது. அது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது, எதிரே வருகிறவனுக்கு நம் வெல்டிங்கின் தரம் தெரியாது. அண்ணன் ஆரம்பத்திலேயே முடிவுசெய்துவிட்டார், வண்டி இனி சொந்த நிலத்துக்கும் களத்துக்கும் நடுவே மட்டும்.

பாராபோலிக் பட்டையில் தகடுகள் குறைவு. நடுவில் தடித்து முனையில் மெலியும், ஒன்றோடு ஒன்று உரசாமல் இடைவெளி விட்டு நிற்கும். சின்ன அடியைக்கூட அது வாங்கிக்கொள்கிறது. காலித் தொட்டியோடு வரப்பில் ஏறி இறங்கிப் பார்த்தேன். பின்கதவுச் சங்கிலிகூடக் குலுங்கவில்லை. பெரியப்பா கேட்டது இதைத்தான்.

ஆனால் இப்போது வண்டியில் ஏறுவது மக்காச்சோள மூட்டை. வீடுகளில் பீங்கான் பியூஸ் கேரியர் இருந்த இடத்தில் எம்.சி.பி. உட்கார்ந்துவிட்டது, டீக்கடையில் காகிதக் கோப்பை. தொழிற்பேட்டைக்கு அண்ணன் வண்டி போய் வெகுகாலமாகிறது. உடையாமல் கொண்டுபோகும் பட்டை வந்து சேர்ந்திருக்கிறது, தூக்கிப்போட்டாலும் உடையாத சரக்குக்கு. அகல் விளக்குப் பெட்டி ஒன்றை அந்தத் தொட்டியில் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை, அண்ணனிடம் சொல்லியுமிருக்கிறேன்.

அண்ணனுக்கு ஆசை வேறு, முன்பக்கத்தையும் மாற்றிவிடவேண்டும். பின்புறம் உயர்ந்து முகம் குனிந்தாற்போல் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பட்டறைப் பையன் மறுத்துவிட்டான்.

"முன்னாடி பட்டை உயரம் மாறுனா ஸ்டீயரிங் ராடு சாஞ்சிடும்ணே. கிங் பின் சாய்வும் போயிடும். குழியில விழுந்தா கை தானா திரும்பும். வேணும்னா பின்னாடி ஷேக்கிள கொஞ்சம் குட்டையா போட்டுத் தர்றேன்."

"குட்டையா போட்டா பினியன் சாய்வு மாறாதா?"

"மாறும். மறுபடி மூட்டை ஏத்தி அளக்கணும்."

அறுவடை முடியட்டும் என்றிருக்கிறார் அண்ணன்.