மணிக்கு 60 சதுர மீட்டர்

போர்டு அடிக்கிற கடையில் "எப்போ கிடைக்கும்?" என்று யாரும் கேட்பதில்லை. "இன்னுமா ஆகலை?" என்றுதான் கேட்பார்கள், அதுவும் ஆர்டர் கொடுக்கும்போதே. மதுரையில் கடைதிறப்பு என்பது முந்தின நாள் ராத்திரி போடுகிற திட்டம். அதனால் வேகமான யுவி பிரிண்டிங் மெஷின் ஒன்று வாங்கிவிடுவது என்று நானும் மச்சினனும் ஆபரேட்டர் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

கேட்லாக்கில் மணிக்கு 60 சதுர மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று ஏறத்தாழ 3 சதுர மீட்டர். ஆக மணிக்கு 20 ஷீட். மச்சினன் செல்போனில் பெருக்கப் பெருக்க, அவன் கண்ணில் ஒரு புதுக் கார் வந்து நின்றது.

"அது எத்தனை பாஸ்ல சார்?" என்றான் தம்பி.

ஹெட் ஒரே இடத்தின் மேல் எத்தனை தடவை ஓடி மையைத் தூவுகிறதோ அத்தனை பாஸ். விற்பனையாளர் டையைச் சரிசெய்தார். "டிராஃப்ட் மோடு தம்பி. லேசா கோடு தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தா தெரியாது."

எங்கள் வாடிக்கையாளர்கள் மூக்கு ஷீட்டில் உரசத்தான் பார்ப்பார்கள். சரி, நல்ல மோடில்? 20 சதுர மீட்டர் என்றார். கண்ணாடி அக்ரிலிக்கில் அடித்தால்? அடியில் வெள்ளை ஒரு படலம் கொடுத்தால்தான் அதில் நிறம் எடுக்கும்; அதற்கு வேகம் பாதி. மணிக்கு 20 ஷீட்டு, மூன்று ஷீட்டு ஆகிவிட்டது. மச்சினன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டான்.

இந்த வெள்ளை மை தனி ரகம். அதிலிருக்கும் டைட்டானியம் டையாக்சைடு கனமானது; கலக்கிக்கொண்டே இராவிட்டால் ரசத்து மண்டி மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிடும். கடைக்கு லீவு விடலாம், வெள்ளைக்கு விடக் கூடாது. அது போய் ஹெட்டை அடைத்தால், ஒரு ஹெட்டுக்கே லட்சத்துக்கு மேல். லேசாக வளைந்த சன்போர்டு ஷீட் ஹெட்டில் வந்து இடித்தாலும் அதே செலவுதான்.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். மை விழுந்த கணமே எல்இடி விளக்கு அதைக் கெட்டியாக்கிவிடுகிறது. பழைய பாதரச விளக்கு சூடேறவே சில நிமிடம் கேட்கும். இது சுவிட்சைப் போட்டதும் தயார். காத்திருக்கத் தெரியாத மெஷின். அதை மணிக்கணக்கில் காக்க வைப்பதற்குத்தான் மனிதர்கள் இருக்கிறோம். டிசைனை வாட்ஸப்பில் அனுப்புவோம். "சூப்பர்ணே, அடிச்சிருங்க" என்று பதில் வரும். ஃபிலிமை உரித்து, துடைத்து, ஷீட்டை மேஜையில் படுக்கவைத்ததும் போன் அடிக்கும். "அண்ணே, தாய்மாமா பேரு விட்டுப்போச்சு." மாமா பெயரைச் சேர்த்தால் சித்தப்பா பெயர் எழுத்தளவில் சின்னதாகத் தெரியும். அந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் டிராஃப்ட் மோடு என்ன, கையாலேயே வரைந்திருக்கலாம். இந்தப் பஞ்சாயத்து மோடைப் பற்றி எந்தக் கேட்லாக்கிலும் ஒரு வரி கிடையாது.

கடைசியில் தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "ஹெட் மக்கர் பண்ணா எஞ்சினியர் எங்கேர்ந்து வருவாரு?" வேகமான மெஷினுக்கு மும்பையிலிருந்து. கொஞ்சம் மெதுவான, வெள்ளைக்கு இரண்டு ஹெட் வைத்த இன்னொன்றுக்கு மதுரையிலிருந்தே. இரண்டாவதை வாங்கினோம்.

அது வந்த வாரமே ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பெயர்ப் பலகை கேட்டார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் போர்டு தயார். முன்பெல்லாம் இரண்டு நாள் அலையவிட்டாலும் சொன்ன காசை வாய் பேசாமல் எண்ணி வைத்தவர், போர்டைத் தடவிப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.

"இம்புட்டு நேரத்துல முடியிற வேலைக்கா இம்புட்டு ரேட்டு?"

இப்போதெல்லாம் அடித்த போர்டைப் பின்னறையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சாயங்காலம் வரச் சொல்கிறோம்.