வினாத்தாள் கர்த்தாக்களுக்கு ஒரு விண்ணப்பம்

ஜே.இ.இ. மெயின் பரீட்சைக்கு வினாத்தாள் இயற்றியருளும் கனம் பொருந்திய பண்டிதர்களின் சமூகத்திற்கு, ஓய்வு பெற்ற கணித வாத்தியார் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

கணிதம், பௌதிகம், ரசாயனம் மூன்றிலுமாக 75 வினாக்களை 180 நிமிஷங்களுக்குள் முடிக்க வேண்டுமென்று தாங்கள் விதித்திருப்பதால், வினா ஒன்றுக்கு 2 நிமிஷம் 24 விநாடி என்ற தாராளமான அவகாசம் கிட்டுகிறது. சரியான விடைக்கு 4 மார்க், தவறினால் 1 மார்க் அபராதம், கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு யாதொரு தண்டனையும் இல்லை என்னும் தங்கள் தர்ம சாஸ்திரம், யோசிப்பது அபாயகரமான தொழில் என்பதை வாலிபர்களுக்குக் காலாகாலத்தில் உணர்த்திவிடுகிறது.

டேன் 9° − டேன் 27° − டேன் 63° + டேன் 81° எவ்வளவு என்னும் பழைய கணக்கைத் தாங்கள் அறியாதவர்களல்லர். 9-ம் 81-ம் சேர்ந்தால் 90, 27-ம் 63-ம் சேர்ந்தாலும் 90 என்பதைக் கண்டுகொண்ட பையன், முதலையும் கடைசியையும் கூட்டி, அது 2-ஐ சைன் 18°-ஆல் வகுத்த ஈவு என்றறிந்து, நடு இரண்டையும் அவ்வாறே சைன் 54°-க்குக் கொண்டுவந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கையில், அதுவரை மிரட்டிக்கொண்டிருந்த ரூட் 5 சுவடில்லாமல் அடிபட்டுப்போய், 4 என்ற பரம சாதுவான எண் எஞ்சி நிற்பதைக் கண்டு, சாப்பாட்டு நேரம் கடந்ததையும் மறந்து மகிழ்ந்த காலம் ஒன்று உண்டு. இன்றைய பையனுக்கு அந்தச் சிரமமில்லை. விடை 4 என்று கோச்சிங் வகுப்பில் உருப்போட்டிருக்கிறான். பார்த்ததும் மௌஸைத் தட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறான்.

பீஜ கணிதத்திலும் தங்கள் மரபின் கருணைக்குக் குறைவில்லை. எக்ஸ் வர்க்கத்திலிருந்து 6 எக்ஸையும் 2-ஐயும் கழித்தால் பூஜ்யம் என்னும் சமன்பாட்டின் மூலங்களை 10, 9, 8-ஆம் அடுக்குகளுக்கு ஏற்றி, விடை 3 என்று வரும் கணக்கொன்று 2011-இல் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் வந்தது; 2015-இல் அதே சமன்பாடு, அதே 3, ஜே.இ.இ. மெயினில் மறு அவதாரம் எடுத்தது. பழைய வினாத்தாள் வாங்கக் காசிருந்தவன் பாக்கியசாலி.

கும்பகோணத்தில் லோனியின் திரிகோணமிதியைக் கரைத்துக் குடித்த ராமானுஜன், மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டதனால் எஃப்.ஏ. தேறவில்லை என்பது ஊரறிந்த சரித்திரம்; ஒரு கணக்கைப் பிடித்தால் அதிலேயே லயித்துவிடும் அவர் தங்கள் பரீட்சையை எழுதியிருந்தால், கணிதத்திலேயே தேறாமற்போகும் சௌகரியம் கிடைத்திருக்கும்.

ஆகையால் அடியேனின் பிரார்த்தனை இதுதான்: ஆண்டுக்கு ஒரே ஒரு கணக்கையேனும், வழியை முழுதும் எழுது என்று வெள்ளைத்தாள் கொடுத்து, அரை மணி அவகாசத்துடன் கேளுங்கள். லக்ஷக்கணக்கான தாள்களைத் திருத்த ஆளேது என்பீர்களாயின், ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கணித வாத்தியார்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம். பஸ் சார்ஜும் சிவப்பு மையும் கொடுத்தால் போதும்.