பாண்டியனுக்கு நிர்வாகம் தெரியாது

பாண்டியன் நெடுஞ்செழியனைப் போல விவரம் கெட்ட ஆட்சியாளன் வேறு எவனும் இருக்க முடியாது. புருஷனைப் பறிகொடுத்தவள் தலைவிரி கோலமாக வாசலில் வந்து நிற்கிறாள், உள்ளே விடுகிறான்! மனு எங்கே, முன் அனுமதி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவள் சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. அரசி சிலம்பில் இருந்ததோ முத்து. உடனே தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே விழுந்து சாகிறான். ஒரு விசாரணை கமிஷன் போடக்கூடவா தெரியவில்லை?

கோவலன் யோக்கியனா என்பது வேறு விஷயம். மாதவி வீட்டில் சொத்தைக் கரைத்துவிட்டு வந்தவன்தான். ஆனால் திருடன் இல்லை. சிலம்பை அமுக்கியவனும் புகார் சொன்னவனும் ஒரே பொற்கொல்லன்.

இன்றைய அதிகாரி ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் விஷயம் சுமுகமாக முடிந்திருக்கும். கைதி கழிப்பறையில் வழுக்கி விழுந்தான். அல்லது தப்பி ஓடினான். அல்லது வலிப்பு. வெட்டிய காவலன் ஆயுதப்படைக்கு மாற்றம். கண்ணகிக்கு ஒரு காசோலை, சத்துணவுக்கூடத்தில் ஒரு வேலை, இரண்டையும் கொடுக்கும்போது ஒரு போட்டோ. மதுரை எரிந்தே இருக்காது.

1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தில் இப்படி ஒன்று நடந்தது. நகைத் திருட்டு என்று கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன புருஷன் வீடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டான் என்றது போலீஸ். அந்த மனைவி எந்த ஊரையும் எரிக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறி ஆட்கொணர்வு மனு போட்டாள்; கே. சந்துரு வாதாடினார். அடித்துக் கொன்றது போலீஸ்தான் என்று வழக்கு முடிந்தபோது 2006 ஆகிவிட்டது.

அதே 2006-ல் மெரினாவில் இன்னொரு கண்ணகிக்கும் நீதி கிடைத்தது. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலையை 2001 டிசம்பரில் பீடத்திலிருந்து இறக்கியிருந்தார்கள். அதற்கு எத்தனை அறிக்கை, எத்தனை ஆர்ப்பாட்டம்! ஆட்சி மாறியது, ஜூன் 3-ல் சிலை திரும்ப ஏறிவிட்டது. சிலைக்கு ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. உயிரோடு இருந்தவளுக்குப் பதின்மூன்று.

2021-ல் அந்த முதனை வழக்கை வைத்து ‘ஜெய் பீம்’ படம் வந்தது. வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு நாமெல்லாம் அழுதோம். அழுது முடித்தோம்.

2025 ஜூனில், மதுரைக்குப் பக்கத்திலேயே, மடப்புரம். மறுபடியும் நகை காணோம். காளி கோயில் காவலாளி அஜித்குமார் மீது சந்தேகம். எஃப்.ஐ.ஆர். போடும் முன்பே தனிப்படை வந்துவிட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2020-ல். அதனால் என்ன, கோயிலுக்குப் பின்னால் வைத்து அடித்தார்கள். மறைந்திருந்து ஒருவர் செல்போனில் பிடிக்காமல் போயிருந்தால் வலிப்புக் கதைதான் நின்றிருக்கும். உடம்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். இந்த முறை வாசலில் வந்து நின்றது மனைவி அல்ல, தாய்.

கண்ணகிக்கு மாலை போட வரும் மாண்புமிகுக்களே, எஃப்.ஐ.ஆர். இல்லாமல் ஆளைத் தூக்கும் போலீஸ்காரனின் சீருடையை அன்றைக்கே கழற்றுங்கள். முடியாதென்றால் மாலையைக் காரிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போங்கள்.