கோணேசர் கோயில் இறக்கமும் மறுநாள் உளைவும்: ஓர் ஆய்வுரை

திருகோணமலையில் உடற்பயிற்சிக்கு அளவுகோல் ஒன்றுதான்: மறுநாள் கால் உளைந்தால் பயிற்சி நன்று, உளையாவிட்டால் காசு வீண். உள்துறைமுகக் கரையோரம் நடக்கும் ஓய்வூதியரும் ஜிம்முக்குப் போகும் இளைஞரும் இதில் ஒரே கட்சி. இப்படியோர் ஒற்றுமை ஊரில் அரிதென்பதால் அதை ஆராய்ந்து குலைப்பது அறிவுத்துறையின் கடமையாகிறது. இவ்வாய்வின் துணிபு: உளைவு உழைப்பின் அளவன்று, உடம்புக்குப் பழக்கமில்லாத வேலையின் அடையாளம்.

முதற்சான்று சுவாமி மலை. பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில்வரை ஏறுகையில் நெஞ்சு அடிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. இறங்குகையிலோ கச்சான் கொறித்தபடி மான்களை வேடிக்கை பார்த்து வரலாம். ஒட்சிசன் செலவும் குறைவு. ஆயினும் நடந்து பழகாதவரை மறுநாள் கதிரையிலிருந்து எழவிடாமல் செய்வதில் பெரும்பங்கு அந்தச் சொகுசான இறக்கத்துக்கே. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் அதன் நுண்ணிழைகள் சிதைகின்றன. 1902இல் அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் இவ்வகை நோவுக்குத் தசைக்குள் நேரும் கிழிசலையே காரணமாகக் கருதினார். நோவு சில மணிநேரம் கழித்துத் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சம் தொடும். லக்ரிக் அமிலம் தேங்கியதால் வந்த நோவு, கன்னியா வெந்நீரில் குளித்தால் கரையும் என்பார் வாதம் இங்கு நில்லாது: அந்த அமிலம் ஏறத்தாழ ஒருமணி நேரத்திலேயே இரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். கன்னியாவின் ஏழு கிணற்று நீரும் சுகம் தரும். ஆனால் இல்லாத அமிலத்தைக் கழுவாது.

இரண்டாம் சான்று, உளையாதவர்கள். நிலாவெளியில் கரைவலை இழுப்பவரும் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளும் நாள்தோறும் படும் பாட்டில் பாதியை ஜிம்காரர் பட்டால் ஒரு கிழமை படுக்கை. அவர்களுக்கோ மறுநாளும் அதே வேலை. ஒருமுறை சிதைந்து ஆறிய தசை, அதே வேலையை அடுத்தமுறை குறைந்த சேதத்தோடு தாங்குகிறது. அந்தக் காப்புப் பல வாரம் நிற்கும். உளைவே அளவுகோலென்றால் கரைவலைக்காரர் சும்மா இருப்பவர் என்று தீர்ப்பெழுத வேண்டிவரும்.

“அப்படியென்றால் எதைக்கொண்டு அளப்பது?” என்பது நியாயமான கேள்வி. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க், உழைக்கும்போதே உணரும் கடுமைக்கு 6 முதல் 20 வரை எண் வகுத்தார். எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்பு உத்தேசமாகத் தெரியும். எண் பிடிக்காதவருக்குக் குரல் போதும்: மலையேறும்போது கதைக்க முடிந்து, சம்பந்தர் பதிகம் பாட முடியாவிட்டால் நடுத்தரம், “கோணேசா” என்பதற்கே மூச்சு வாங்கினால் கடுமை. கரைவலைக்காரர் அம்பா பாடிக்கொண்டே இழுக்கிறார்களே எனின், ஒருவர் எடுக்க மற்றவர் ஓரிரு சொல்லில் ஏற்கும் பாட்டு அது. மூச்சுக்கு இடம்விட்டுக் கட்டியது.

ஆகவே, பயிற்சியின் அளவைப் பயிற்சியின்போதே பாருங்கள். உளைந்தால் மெல்ல நடந்து திரியுங்கள், தானே ஆறும். ஆனால் நோவு தாங்கமுடியாமல், சிறுநீரும் பிளேன்ரீ நிறத்தில் போனால் அதைப் பயிற்சியின் வெற்றியென்று கொண்டாடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.