உப்புவெளியின் புவியீர்ப்பைத் திருத்தித் தரக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் ஒரு வள்ளமும் உயர்தரம் படிக்கும் ஒரு மகளும் உள்ள தகப்பன்.

பெறுநர்: விடுமுறைகால இணையவழிப் பௌதிகவியல் கற்கைநெறிக்குப் பொறுப்பான மேலிடம்.

விடயம்: 9.77

மதிப்புக்குரிய மேலிடத்துக்கு,

உங்கள் பெயரையும் அலுவலகத்தையும் குறிப்பிடாமல் வெறுமனே மேலிடம் என்று எழுதியதை மரியாதைக் குறைவாக எடுக்கவேண்டாம். வகுப்பில் சேர்ந்த நாள்முதல் எங்களுக்கு வந்த செய்திகள் எல்லாம் 'இது தானியங்கிச் செய்தி, பதில் அனுப்ப வேண்டாம்' என்றே முடிந்தன. பதில் அனுப்பக் கூடாத ஒருவருக்குப் பெயர் என்னத்துக்கு?

முதலில் நன்றி. ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகள் கடற்கரையில் வீணாகத் திரியாமல், காலை 9 மணி முதல் 11 மணி வரை கைப்பேசிக்குள் இருக்கும்படி செய்தீர்கள். 'கோடைகால விசேட கற்கைநெறி' என்று நீங்கள் வைத்த பெயரைப் பார்த்து மகள் சிரித்தாள். எங்களுக்குக் கோடை என்று தனியாக ஒன்று ஏது? வருடத்தில் இரண்டுதான்: கச்சான், வாடை. (கச்சான் என்றதும் பேப்பர் சுருளில் போட்டுத் தருவது நினைவுக்கு வந்தால், அது வேறு. இது மேற்கிலிருந்து மலை தாண்டி வந்து, கொடியில் போட்ட சாரத்தை அப்பளமாக்கும் காற்று.)

இப்படியான கடிதங்களில் சிக்னல் இல்லை என்று அழுவது வழமை. நான் அழமாட்டேன். உப்புவெளிக்கு வெள்ளைக்காரர் வருகிறபடியால் சிக்னலும் வந்துவிட்டது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடி, படிப்பெல்லாம் திரைக்குள் போனபோது நிலைமை வேறு. பதுளைப் பக்கம் போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் நடந்து மலை ஏறினார்கள். உலகமெல்லாம் படம் வந்தது. அவர்கள் ஏறிச் சேமித்த அழுத்தசக்தி எவ்வளவு என்று ஒரு பரீட்சைத் தாளிலும் கேட்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்து, முழு இலங்கையும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். மின்னியலை அவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் நடத்தியதில்லை. இதெல்லாம் பழைய கதை. இந்தமுறை கரண்டும் இருந்தது, சிக்னலும் இருந்தது, ரீலோட் போட என்னிடம் காசும் இருந்தது. ஆகவே நடந்ததற்கு நாம் இருவரும் வேறு காரணம்தான் தேடவேண்டும்.

எங்கள் வீட்டில் நல்ல கைப்பேசி ஒன்றுதான். புறாமலைத் தீவுக்குப் போக, திமிங்கிலம் பார்க்க என்று சுற்றுலாக்காரர் அழைப்பதும் அதற்குத்தான், உங்கள் வகுப்பு வருவதும் அதற்குள்தான். சீசனோ ஆகஸ்டில். பேணூலியின் தேற்றம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு ஜெர்மன்காரர் கூப்பிட்டு, நாளைக்குத் திமிங்கிலம் நிச்சயம் வருமா என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "வெட்டிவிடுங்கோ அப்பா" என்றாள். வெட்டினேன். அந்தப் பயணத்தின் காசு உங்கள் தேற்றத்துக்குள் போய்விட்டது. அதை நான் கேட்கவில்லை. அழைப்பு வந்து போன அந்த அரை நிமிடத்தில் நீங்கள் அவளை வகுப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டீர்கள், அதையும் கேட்கவில்லை.

உங்கள் வீடியோக்கள் மிகத் தரமானவை. உராய்வு என்றால் என்ன என்று காட்ட ஒருவர் பனியில் சறுக்கிக்கொண்டு போனார். கோண உந்தக் காப்புக்கு ஒரு பெண்பிள்ளை பனித்தரையில் கையை மடக்கிக்கொண்டு சுழன்றாள். என் மகள் வாழ்க்கையில் கண்ட பனிக்கட்டி மீன்பெட்டிக்குள் போடுவதுதான். வள்ளத்தை மணலில் இழுக்கும்போது கீழே உருளை போடுகிறோமே, உராய்வுக்கு அது காணாதா? கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, கிணற்றுக்கொரு சூடு. ஒரு வெப்பமானி கையில் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் ஒரு பாடம் முடிந்துவிடும். ஒலி வேண்டுமென்றால் அதுவும் வாசலில்தான் கிடக்கிறது. திருகோணமலைக் குடாவின் வாயிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழமாக இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட நீலத்திமிங்கிலம் வருவது அதனால்தான். 1980களில் டூலிப் என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இந்தத் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கித் திமிங்கிலத்தின் குரலைப் பதிவுசெய்தார்கள். அந்தக் குரலின் மீடிறன் மனிதக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் அளவுக்குத் தாழ்ந்தது. உங்கள் ஒலிபெருக்கிக்கும்தான்.

செய்மதிகளை வைத்து உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945 இல் கணக்குப் போட்டு எழுதியவர் ஆதர் சி. கிளார்க். இணையவழி வகுப்பு நடத்துகிறவர்கள் அவருக்கு ஒரு படம் மாட்டி விளக்கேற்றினாலும் தகும். அந்த மனிதர் 1956 இல் திருகோணமலைக்கு வந்து என்ன செய்தார் தெரியுமா? நீருக்குள் மூழ்கும் உடுப்பைப் போட்டுக்கொண்டு கோணேசர் மலையடியில் கடலுக்குள் இறங்கி, பழைய கோயிலின் கற்களைக் கண்ணால் பார்த்தார். வானத்தில் செய்மதி வைக்கச் சொன்னவருக்கே நேரில் பார்க்காமல் மனம் ஆறவில்லை.

இனி அலுமாரி. எங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் ஆய்வுகூடம் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஓர் அலுமாரி, அதற்குள் வேணியர் இடுக்கி, திருகுக் கணிச்சி, நகரும் நுணுக்குக்காட்டி எல்லாம் இருக்கின்றன, புத்தம் புதிதாக. புதிதாகவே இருப்பதற்குக் காரணம் பூட்டு. விடுமுறையில் திறக்கலாமா என்று போய்க் கேட்டேன். திறப்பு வைத்திருப்பவர் லீவில், லீவு முடிந்தபிறகு கணக்கெடுப்பு, அதுவரை ஒன்றையும் அசைக்கக் கூடாதாம். பரவாயில்லை, அதே இடுக்கியை உங்கள் வீடியோவில் பார்த்தோம். பொத்தானை அழுத்தினால் தாடை தானாகவே நகர்ந்து, வாசிப்பும் தானாகவே வந்து நின்றது. உயர்தரப் பரீட்சையிலும் பரிசோதனையைச் செய்துகாட்டச் சொல்வதில்லை, செய்ததுபோல் எழுதிக்காட்டத்தான் கேட்பார்கள். நீச்சலைக் கட்டுரையாக எழுதி வாங்கும் ஏற்பாடு. நானும் அப்படித்தான் எழுதினேன், இரண்டு தரம். மூன்றாம் தரம் எழுதாமல் கடலுக்கு வந்துவிட்டேன்.

நான்காம் நாள் பாடம் தனியூசல். வீடியோவில் குரல் தெளிவாகச் சொன்னது: அலைவுகளை எண்ணும்போது ஊசலிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. மகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அடுத்த நாள் பாடம் ஓடிக்கொண்டிருக்க, மீன்வாடிக்குப் போய் என் தூண்டில் பெட்டியைக் கிளறி ஓர் ஈயக்குண்டு எடுத்தாள். தங்கூசி ஒரு பாகம் வெட்டினாள். வாடியின் வளையில் கட்டி, அம்மாவின் தையல் ரேப்பால் முடிச்சிலிருந்து குண்டின் நடுவரை அளந்து, சரியாக 1 மீற்றர் வரும்வரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். மில்லிமீற்றருக்காக ஆறு முடிச்சு. கச்சான் உள்ளே வந்து குண்டை வட்டம் போட வைத்தது. நான் எஞ்சினை மூடும் படங்கை எடுத்து மேற்குப் பக்கம் கட்டினேன். காற்று நின்றதும் குண்டு ஒரே கோட்டில் போய் வரத் தொடங்கியது. நிறுத்தற்கடிகாரமும் அந்தக் கைப்பேசிதான். ஒரு பாதியில் உங்கள் வகுப்பு, மறுபாதியில் செக்கன்.

பன்னிரண்டாவது அலைவில் உங்கள் வரவுப் பொத்தான் எழும்பியது. 'நீங்கள் வகுப்பில் இருக்கிறீர்களா?'

"பிள்ளை, ஏதோ கேக்குது."

"கதைக்காதேங்கோ அப்பா. பதின்மூண்டு."

அந்தப் பொத்தானுக்கு நீங்கள் தரும் அவகாசம் 60 செக்கன். ஐம்பது அலைவு முடிய எடுத்ததோ 100 செக்கனுக்கு மேல். என் கையால் அழுத்தியிருக்கலாம் என்பீர்கள். என் விரல் முழுக்க எஞ்சின் ஒயில், கைப்பேசியோ அவள் மடியில். தொட்டால் அவள் என்னைக் கொன்றிருப்பாள். பொத்தான் மங்கி மறைந்தது. அவள் வாய்க்குள் எண்ணியபடியே இருந்தாள். பௌதிகவியல் செய்துகொண்டிருந்த ஒரே குற்றத்துக்காக என் மகள் பௌதிகவியல் வகுப்புக்கு வரவில்லை என்று உங்கள் பதிவேட்டில் விழுந்தது.

மூன்று தரம் செய்தாள். 100.4, 100.6, 100.5. சராசரி 100.5, அலைவுகாலம் 2.01 செக்கன், கணக்குப் போட்டால் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.77. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். உங்கள் வகுப்பில் கமெராவை மூடி வைக்கச் சொல்லியிருந்தபடியால் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பத்தாம் நாள் வினாவிடையில் அதே கேள்வி வந்தது. அவள் தன் விடையைப் போட்டாள். சிவப்புப் பெருக்கல் குறி. 'பிழை. சரியான விடை 9.81.'

மேலிடமே, 9.81 நல்ல இலக்கம்தான். பாரிசுக்கும் லண்டனுக்கும் அது பொருந்தும். பூமி சுழல்கிறது, இடுப்பும் கொஞ்சம் பருத்திருக்கிறது, ஆகவே மத்திய கோட்டுப் பக்கம் இழுவை குறைவு. துருவத்தில் 9.83, எங்கள் பக்கம் 9.78. வடகிழக்குக்கு எல்லாமே குறைத்துத்தான் வரும் என்று புலம்புகிறவர்கள், இந்த ஒரு விடயத்தில் கொழும்புக்கும் அதே 9.78தான் என்று ஆறுதல் கொள்ளலாம். மகளுக்கு விடுபட்ட 0.01 கச்சானுக்கும் தையல் ரேப்புக்கும் உரியது. உங்களுக்குக் கூடிப்போன 0.03 யாருக்கு உரியது என்று தெரியவில்லை. பரீட்சைத் தாளிலோ கணக்கு இலேசாக வரட்டும் என்று 10 தருகிறார்கள். ஆக ஒரே பிள்ளைக்கு மூன்று புவியீர்ப்பு: பரீட்சைக்கு 10, உங்களுக்கு 9.81, வாடிக்குள் 9.77.

இது புதுத் தகராறு இல்லை. 1672 இல் ஜான் ரிஷே என்ற வானியலாளரை பாரிஸ் விஞ்ஞானக் கழகம் தென் அமெரிக்காவின் கயேனுக்கு அனுப்பியது. பாரிசில் சரியாக ஓடிய ஊசல் மணிக்கூடு அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலைக் குறுக்கித்தான் சரிப்படுத்தினார். உடனே எல்லோரும் நம்பிவிடவில்லை. பிறகு நியூட்டன் அந்த இரண்டரை நிமிடத்தை எடுத்துப் பூமியின் உருவத்தையே விளக்கப் பயன்படுத்தினார். பாவம் ரிஷே, உங்கள் வினாவிடையை எடுத்திருந்தால் கயேனில் வைத்தே பெயில்.

ஆகவே அடியேனின் கோரிக்கை. உங்கள் சேர்வரை மாற்றச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதற்கு எத்தனை குழு, எத்தனை கையொப்பம் வேண்டும் என்று ஊகிக்க முடிகிறது. அதைவிட இலகுவானது உப்புவெளியின் புவியீர்ப்பை 9.81 ஆக உயர்த்துவது. வர்த்தமானியில் ஒரு வரி போட்டால் போதும் என்று நினைக்கிறேன். வள்ளக்காரர் சார்பில் எதிர்ப்பு வராது. ஈர்ப்பைக் கூட்டினால் வள்ளம் தண்ணீரில் தாழுமே என்று முதலில் எனக்குப் பயம்தான். நிறை கூடினால் மேலுதைப்பும் அதே அளவில் கூடும், வள்ளம் ஒரு நூலும் தாழாது என்று மகள் விளங்கப்படுத்தினாள். நீங்கள் வரவில்லை என்று பதிந்த அதே மகள்தான். தேங்காய் கொஞ்சம் வேகமாக விழும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

புவியீர்ப்பை உயர்த்த நிதி ஒதுக்கீடு இல்லையென்றால், மாற்று யோசனையாக அந்த அலுமாரித் திறப்பை இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும் தரலாம். வேணியர் இடுக்கியால் ஈயக்குண்டின் விட்டத்தை ஒருதரம் அளந்து பார்க்க வேண்டுமாம். குண்டின் நடுப்புள்ளியைத் தையல் ரேப்பால் குத்துமதிப்பாக எடுத்ததில்தான் அந்த 0.01 போயிருக்கும் என்று அவளுக்குச் சந்தேகம். இரவில் நித்திரை வருகுதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வள்ளக்காரன்

இணைப்பு: தங்கூசி ஒரு பாகம், ஈயக்குண்டு ஒன்று. தங்கள் அறையில் எங்காவது கட்டி, ஐம்பது அலைவு எண்ணிப் பார்க்கவும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யவும். இடையில் யாராவது "இருக்கிறீர்களா?" என்று கேட்டால் பதில் சொல்லவேண்டாம்.