சோபாவில் ஒரு தேர்வாளர்

சாம்பாருக்கு உப்பு போதுமா என்றுகூட வீட்டில் என்னை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஏப்ரல் கடைசியில் என்எஃப்எல் டிராஃப்ட் வந்துவிட்டால், அமெரிக்கக் கால்பந்தின் 32 அணிகளுக்கும் தலையெழுத்தை நான்தான் எழுதுகிறேன். அங்கே வியாழன் இரவு. இங்கே வெள்ளி விடியற்காலை 5.30. பால் வாங்கப் போகவேண்டிய நேரம்.

விதி எளிது. போன பருவத்தில் ஆக மோசமாக ஆடிய அணிக்கே முதல் தேர்வு. கல்லூரி ஆட்டக்காரர்களை இப்படி வரிசையாக ஏழு சுற்று எடுப்பார்கள். பெயரை வாசித்து முடிப்பதற்குள் நான் மதிப்பெண் போட்டுவிடுவேன். "பையன் இன்னும் மைதானத்துல காலே வைக்கலையே!" என்பாள் மனைவி. அங்குள்ள பத்திரிகைகளும் மறுநாளே ஏ, பி என்று தரம் போடுகின்றன. அவர்களுக்கு அதற்குச் சம்பளம் உண்டு. எனக்கு ஆறிப்போன காபி.

1998-இல் முதல் தேர்வு பெய்டன் மேனிங்கா, ரையன் லீஃபா என்று பெரிய வாதம் நடந்தது. இண்டியானாபொலிஸ் முதலாவதாக மேனிங்கை எடுத்தது; அவர் சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை இரண்டு முறை வென்றார். இரண்டாவதாக லீஃபை எடுத்த சான் டியாகோ மூன்றே பருவத்தில் கைகழுவியது. 2000-இல் டாம் பிராடி 199-ஆவது ஆள். அவருக்கு முன், அவரைப் போலவே பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போயாயிற்று. அவர் வென்றது ஏழு சூப்பர் பௌல்!

இத்தனைக்கும் அளக்காமல் எடுப்பதில்லை. உயரம், எடை, கையின் அளவு, 40 கஜ ஓட்டம் எல்லாம் பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட வரன் பார்க்கிற மாதிரிதான். என் மாமனாரின் பட்டியலில் நான் கடைசிச் சுற்று. நல்ல வரன்களெல்லாம் வேறு அணிகளுக்குப் போனபின் மிஞ்சியவன். "பிராடியும் பின்னால வந்தவர்தான்" என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். "அவர் கோப்பை கொண்டுவந்தார். நீங்க பால் பாக்கெட்டாவது கொண்டுவாங்க" என்றாள் மனைவி.

கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் டிராஃப்ட் தேர்வுகளைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்தவரைவிடச் சிறப்பாக ஆடுவது பாதி முறைக்குச் சற்றே மேல்தான். ஆனாலும் வரிசையில் முன்னேற அணிகள் தங்கள் மற்ற தேர்வு வாய்ப்புகளை அள்ளிக் கொடுக்கின்றன. பின்னே இறங்கிக் கூடுதல் ஆட்களை எடுப்பதே லாபம் என்பது அவர்கள் முடிவு. தேலருக்கு 2017-இல் நோபல் கிடைத்தது. அணிகளுக்குப் புத்தி கிடைத்ததா என்றால், 2021-இல் சான் பிரான்சிஸ்கோ மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு ஏறி ட்ரே லான்ஸை எடுத்தது. மறு ஆண்டு அதே அணி, ஆகக் கடைசியாக, 262-ஆவதாக எடுத்த பிராக் பர்டி லான்ஸின் இடத்தைப் பிடித்தார். 2024 பிப்ரவரியில் அணியைச் சூப்பர் பௌல்வரை கொண்டுபோனார். லான்ஸோ 2023-லேயே ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டல்லாஸ் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே முதல் சுற்றுத் தேர்வை எடைபோட மூன்றைப் பார்த்தால் போதும்: என்ன விலை கொடுத்தார்கள், அந்த நேரத்தில் வேறு யார் கிடைத்திருப்பார்கள், குறைந்தது மூன்று பருவம் ஆடிய ஆட்டம் எப்படி. அதற்கு முன் எவன் மதிப்பெண் போட்டாலும் நம்பாதீர்கள். குறிப்பாக, விடியற்காலையில் சோபாவில் உட்கார்ந்து போடுகிறவனை.