ஏற்றம் யார் கணக்கில்?

"மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?"

போடிநாயக்கனூரில் வேன் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது இதைத்தான். ஷோரூம் பையன் தயங்கவே மாட்டான். "இருபது சார்." அவன்மேல் தப்பில்லை. அட்டையில் அச்சடித்திருப்பதை வாசிக்கிறான்.

அந்த இருபது பிறந்தது ஓர் அறைக்குள். வண்டி உருளைகளின் மேல் நிற்கும். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. மொத்த ஓட்டம் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தூரம் பத்துச் சொச்சம் கிலோமீட்டர். வேகம் 90-ஐத் தாண்டாது. ஏசி ஓடாது. ஏற்றம் இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை. பின்சீட்டில் மாமியார் இல்லை, அவர் காலடியில் அரிசி மூட்டையும் இல்லை. இந்தியச் சாலையில் ஓட்டுவதைப் போன்ற சோதனை என்று இதற்குச் சான்றிதழும் தருகிறார்கள். இந்தியாவில் மலையே கிடையாது என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டிப் பாருங்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். போடியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஏழு பேரும் மூட்டைகளும் ஏறிய வேன் சுமார் 2 டன் இருக்கும். அதை 1,000 மீட்டர் தூக்குவதற்கு மட்டுமே ஒன்றரை முதல் 2 லிட்டர் டீசல் வேண்டும். டயரின் உராய்வு, எதிர்க்காற்று, வளைவில் நின்று கிளம்புவது எல்லாம் தனி. பத்தாம் வகுப்பு இயற்பியல் இது. ஏற்றத்தில் பத்து கிடைத்தால் அந்த டிரைவருக்குச் சால்வை போடலாம். கம்பெனிக்கு இது தெரியாதா? தெரியும். கேட்காதவரை சொல்ல மாட்டார்கள். கேட்டால், "நீங்க ஓட்டுற விதத்தைப் பொறுத்தது சார்" என்பார்கள். ஆக, குற்றவாளி உங்கள் வலது கால்.

மலைக்காரன் உண்மையில் பார்க்க வேண்டியது இழுவை. எர்டிகா பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 137 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றைத் தாண்டினால்தான். இன்னோவா கிரிஸ்டா டீசல் 1,400 சுற்றிலேயே 343 கொடுத்துவிடும். ஒன்று முதல் கியரில் கத்திக்கொண்டே ஏறும். மற்றது முனகாமல் ஏறும். அப்படியானால் டீசல்தானே? அதற்குத்தான் அரசாங்கம் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் கணக்கு இப்படி. வண்டி 4 மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். தாண்டினால் 40. முன்பு இதைவிட அதிகம், குறைத்துவிட்டோம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த 40-ல் வேறு யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பான் மசாலா. உல்லாசப் படகு. அவர்களுக்குப் பக்கத்துச் சீட்டில் நம்முடைய ஏழு பேர் குடும்பம். தங்கத்துக்கு 3 சதவீதம்தான். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மூன்று பிள்ளைகள் 4 மீட்டரைத் தாண்டிய ஒரே வண்டியில் போனால் அது சொகுசு. ஆளுக்கொரு சின்னக் காரில் போனால் சிக்கனம்! இந்தக் கணக்கைப் போட்டவர் கூட்டுக் குடும்பத்தைச் சினிமாவில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

சரி, பெட்ரோலே போதும் என்று இறங்கி வந்தால் பங்கில் அடுத்த கூத்து. லிட்டருக்கு 20 சதவீதம் எத்தனால். எத்தனாலின் வெப்பம் பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். அப்படியானால் நூறு ரூபாயைச் சுற்றி நிற்கும் அந்த லிட்டரில் வெப்பம் சுமார் 7 சதவீதம் குறைவு. 2021-ல் நிதி ஆயோக்கின் அறிக்கையே இதை ஒப்புக்கொண்டது. பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றது. அதற்கு ஈடாக விலையைக் குறையுங்கள் என்றும் எழுதியது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் பேசியது வேறு. இழப்பு சொற்பம், எத்தனாலின் விலையே இப்போது ஏறிவிட்டது, ஆகவே விலைக் குறைப்பு இல்லை. 2030-க்கு வைத்திருந்த இலக்கை 5 வருடம் முன்னதாகவே எட்டிவிட்டோம் என்று மார் தட்டினார்கள். போடிக்கு ரயிலைத் திரும்பக் கொண்டுவருவதில் இந்த அவசரம் யாருக்கும் இருந்ததில்லை. 2011 தொடக்கத்தில் மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை மூடினார்கள். அகலப்பாதை ரயில் போடி வந்து சேர்ந்தது 2023 ஜூனில். 90 கிலோமீட்டருக்கு 12 வருடம். ஊரில் இத்தனை வேன்கள் ஏன் என்று யாராவது ஆச்சரியப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

வேன் என்றதும் டவேரா நினைவுக்கு வராமல் போகாது. தேனி வட்டாரத்தில் அது போகாத கல்யாணமும் இல்லை, சபரிமலையும் இல்லை. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் 1,14,000 டவேராக்களைத் திரும்ப அழைத்தது. காரணம் பிரேக் கோளாறு அல்ல. சோதனைக்கு அனுப்பிய வண்டிகளில் புகை குறைவான எஞ்சின்களாகப் பார்த்துப் பொருத்தியதை நிறுவனமே அரசிடம் ஒப்புக்கொண்டது. பரீட்சை எழுத ஒரு எஞ்சின், நமக்கு விற்க வேறொரு எஞ்சின். விசாரித்த அரசுக் குழு இது நிறுவன மோசடி என்றது. 2017-ல் அந்த நிறுவனம் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திக்கொண்டு போய்விட்டது. வாங்கியவர்கள் எங்கே போவது?

இத்தனை பேர் சேர்ந்து சுரண்டிய பிறகு மிச்சம் பிடிக்க ஒரே இடம்தான் இருக்கிறது: இறக்கம். இறக்கத்தில் நியூட்ரல் போடு, முடிந்தால் எஞ்சினையே அணை. பரம்பரை பரம்பரையாக வரும் ஞானம் இது. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்துவிடும், மிதியும் கல்லாகும். பவர் ஸ்டியரிங்கும் கைவிடும். வேடிக்கை என்னவென்றால், இன்றைய எஞ்சினில் கியரிலேயே இறங்கி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் ஒரு சொட்டும் போகாது. நியூட்ரலில்தான் போகும். இருபது தரும் என்று அட்டையில் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியை அச்சடிக்க மட்டும் இடம் இல்லை.

இனி ஜீப்புக்கு வருவோம்.

விடிவதற்கு முன்பே போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் கிளம்புகின்றன. கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள். பத்துப் பேருக்கே நெருக்கமான வண்டியில் பதினைந்து, அதற்கு மேலும். பின்னால் தொற்றிக்கொண்டு இன்னும் இரண்டு பேர். ஆளுக்கு எத்தனை சொட்டு டீசல் என்று கணக்குப் பார்த்தால் இந்த ஜீப்பை எந்த ஹைபிரிட் காரும் நெருங்க முடியாது. நாட்டின் சிக்கனமான வாகனம் என்று இதற்கே விருது கொடுக்கலாம். விருதை வாங்கிக்கொள்ள ஒருவரால் கையை அசைக்க முடிந்தால்.

தமிழ்நாட்டில் பெண்களுக்கு விடியல் பயணம் என்று இலவசப் பேருந்துத் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். விடியலில் மாநில எல்லையைத் தாண்டும் இவர்களின் தடத்தில் அது செல்லாது. தொகுதியும் சாதாரணத் தொகுதி இல்லை. 1989-ல் ஜெயலலிதாவை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது போடிதான். 2011, 2016, 2021 என்று மூன்று முறை ஓ. பன்னீர்செல்வத்தை அனுப்பியதும் போடிதான். இருவருமே முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்த நாற்காலி வரை எட்டிய தொகுதியின் தோட்டத் தொழிலாளிக்கு ஜீப்பில் ஒரு முழு சீட் எட்டவில்லை. மேலே கேரளம் ஏலக்காயை எண்ணுகிறது, கீழே தமிழ்நாடு ஓட்டை எண்ணுகிறது. ஜீப்பிலிருக்கும் தலைகளை எண்ண இரண்டு பக்கமும் ஆளில்லை.

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் பள்ளத்தில் விழுந்தது. 9 பேர் இறந்தார்கள். ஒன்பது பேரும் பெண்கள். இப்படி ஒன்று நடந்தால் சாவடிகளில் ஒரு வாரம் விசில் ஊதுவார்கள். அபராதம் டிரைவருக்கு. ஆளை அனுப்பச் சொன்ன தோட்ட முதலாளிக்கு ஓர் அனுதாபச் செய்தியோடு வேலை முடிந்தது. எட்டாவது நாள் விசில் நிற்கும். ஜீப் நிற்காது. தோட்டத்துக்கு நேரத்தில் போய்ச் சேராவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது.

நாலு மீட்டருக்கு மேல் நாலு அங்குலம் நீண்டாலும் கண்டுபிடித்து வரி போடுகிற அரசு இது. நாம் கேட்பது சின்ன விஷயம். அந்த டேப்பைப் பிடித்த கையை ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலை ஐந்து மணிக்கு முந்தல் சோதனைச் சாவடிக்கு அனுப்பி வையுங்கள். அங்கே அளக்க எதுவும் வேண்டாம். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தெரிந்தால் போதும்.